டிப்பிக்கு மான்கறி

கிண்ணத்தை ஒரு தடவை முகர்ந்துவிட்டு டிப்பி மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. கிரெய்க் புது நாய்த் தீவன மூட்டையோடு அசடு வழிய நின்றான்.

"இருக்கறதிலேயே நல்லது இதுதாம்மா. நெட்ல படிச்சுட்டுத்தான் வாங்கினேன்."

"கோழி போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"அப்ப எடுத்துடு. தின்னா, அரிப்பு தாங்காம காலைக் கடிச்சுப் புண்ணாக்கிக்கும்."

வெர்னா தன் புருஷன் ஆர்வாலை அடக்கம் செய்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. வீடு நிறைய ஆட்கள், மேசை கொள்ளாமல் அவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள். தனக்கென்று ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாத மனுஷன், இந்த நாய்க்காக இரண்டு வருஷம் மல்லுக்கட்டினார். கோழி, மாடு, மீன் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் மான்கறியும் பார்லியும்தான் ஒத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார். முதலில் சிரித்த கால்நடை டாக்டரே பிறகு மற்ற நாய்களுக்கும் அதையே கொடுக்கச் சொன்னார். புருஷனைப் பற்றி வெர்னாவுக்கு அதில் அப்படியொரு பெருமை.

இப்போது ஃப்ரீசரில் இரண்டே பொட்டலம். மான் வேட்டைக் காலம் தொடங்க இன்னும் பத்து நாள் இருந்தது.

"அப்பாவும் இல்ல. இனி யாரும்மா மான் சுடறது? டிப்பியை நான் சிட்டிக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

"அட, போப்பா," என்றார் பக்கத்துப் பண்ணை லெராய். "நாங்க ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துட மாட்டோமா? ஆர்வாலோட நாயைப் பட்டினி போட்டுடுவோமா?"

வெர்னா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். வெளியே தெரிந்தால் அவருக்குக் குறைச்சல் என்று நாலு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவள் அவள். அதற்காக நாயை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"யாரும் கொடுக்க வேணாம். அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆச்சு. அப்போலேர்ந்து மானைச் சுட்டது நான்தான்."

கிரெய்க் வாயைப் பிளந்தான். லெராய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அவன் சொன்னான், வெர்னா. வருஷா வருஷம் பெட்ரோல் பங்க் கடைக்கு வந்து, 'என் பொண்டாட்டி ஒரே குண்டுல சாய்ச்சுட்டாடா'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவான். பொண்டாட்டி மேல பாசத்துல அளந்து விடறான்னு நாங்கதான் நம்பல."

"எல்லார்கிட்டயுமா?"

"பெட்ரோல் போட வர்றவனைக்கூட விடமாட்டான்."

வெர்னா எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்தாள். ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்ட பிறகும் கதவை மூடாமல், உள்ளிருந்து வந்த குளிரில் முகத்தை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.