கத்திக்கு முன் அரை நிமிடம்

...இல்லை என்று சொல்லியிருக்கலாம், அந்த ஒரு வார்த்தைக்கு என்ன பஞ்சம், ஆனால் தலையாட்டிவிட்டாள், ஆட்டிய பிறகுதான் அது பொய் என்று உறைத்தது, உறைத்தும் ஒன்றும் ஆகவில்லை, பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தொட்டுப் பார்க்குமே, அப்படி ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு அவள் ஊசியில் மயக்க மருந்தை ஏற்றத் தொடங்கினாள். மேஜையில் படுத்திருந்தவர் லிஃப்ட் மெக்கானிக், குடலில் கட்டி, வாய் மட்டும் வற்றவில்லை, அவர் கேட்டது இவ்வளவுதான். "நான் கும்பிடற ஆள் இல்ல டாக்டரம்மா, சின்ன வயசுக் கொள்கை. ஆனா நீங்க மயக்கம் குடுத்ததும் கண்ணை மூடி வேண்டிக்குவீங்களாமே, நர்ஸம்மா சொன்னாங்க. என் பேருக்கும் ஒண்ணு போட்டு விட்டுடுங்க. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிய வேண்டாம், தெரிஞ்சா ஆயுசுக்கும் குத்திக் காட்டுவா." நர்ஸம்மா சிரித்தாள். "கொள்கை எங்கே போச்சு?" "கொள்கை எங்கேயும் போகலைம்மா. கும்பிடறவனையும் கும்பிடாதவனையும் ஒரே கயிறுதான் தூக்குது, அந்தக் கயித்தை மாட்டறவனே நான்தான். ஆனா இன்னிக்கு நான் உள்ளே நிக்கிறேனே..."

உள்ளே நிற்கிறவன் பயம் திரையில் எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது, ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, "வேண்டிக்கறேன்" என்று அவள் வாய் திறந்து சொன்னதும் கொஞ்சம் இறங்கியது, பார், பொய்க்கும் ஒரு மருந்துக் குணம் இருக்கிறது, அதை எந்தப் புத்தகத்தில் எழுதுவார்கள், எத்தனை மில்லி என்று எழுதுவார்கள்... மருந்து ஏறியது. அவர் "கயிறு..." என்று ஏதோ ஆரம்பித்தார், முடிக்கவில்லை. குழாயைப் பொருத்தினாள், மூச்சை இயந்திரத்திடம் ஒப்படைத்தாள், எல்லாம் கை தானாகச் செய்தது, கைக்குத் துக்கம் தெரியாது, அதற்குப் படித்தது மட்டும் தெரியும்.

இனி அந்த அரை நிமிடம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருக்கிற பழக்கம், நோயாளி தூங்கியதும் தலைமாட்டில் நின்று கண்ணை மூடிக்கொள்வாள், இவரைத் திரும்பக் கொடுத்துவிடு என்று கேட்பாள், அவ்வளவுதான். பெரிய டாக்டருக்குச் சாமியும் கிடையாது பூதமும் கிடையாது, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு "என்னம்மா, மேலிடத்து உத்தரவு வந்தாச்சா, இல்ல ஃபைல் இன்னும் கீழேயே கிடக்கா?" என்று வாருவார், வாரினாலும் காத்திருப்பார், அவள் லீவு போட்டால் அவசரமில்லாத கேஸைத் தள்ளிக்கூட வைப்பார், நம்பாத மனுஷனுக்கு இது என்ன வீம்பு என்று அவளே வியந்ததுண்டு. தங்கைக்கு ஆபரேஷன் என்றபோதும் அவரிடம்தான் கொண்டுவந்தாள். சொந்தக்காரருக்கு மயக்கம் கொடுக்கக் கூடாது என்பது விதி, அதனால் அன்றைக்கு உள்ளே நின்றது இன்னொரு மயக்க டாக்டர், சுறுசுறுப்புக்காரர், "ரெடி சார், ஆரம்பிங்க" என்று பெரிய டாக்டர் வாயெடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறவர், அவள் தன் அரை நிமிடத்தை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள், அரை நிமிடத்தை மணிக்கணக்காக இழுத்துக் கேட்டாள், என் தங்கையைக் கொடு, கொடு, கொடு... பெரிய டாக்டர் வெளியே வந்து, "ரத்தம் நிக்கலம்மா" என்றார், தரையைப் பார்த்துச் சொன்னார்.

அதிலிருந்து அவர் கிண்டல் செய்வதில்லை. அவளும் வேண்டுவதில்லை. கண்ணை மட்டும் மூடுகிறாள், உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறாள், முப்பது வந்ததும் திறக்கிறாள், கோபம்கூட இல்லை, கோபப்படுவதற்கும் எதிரில் ஒருவர் இருக்க வேண்டுமே. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறாள், சார், காத்திருக்காதீங்க, இங்கே ஒண்ணும் நடக்கல, சும்மா எண்ணிட்டு நிக்கிறேன்... படித்தவள், நம்பாததை நம்புவதாக நடித்து ஊரை ஏய்க்கிறாள், நம்பிக்கை இருந்தபோது அது மூடத்தனம் என்றார்கள், இல்லாதபோது இது மோசடி, இரண்டில் எது தேவலை? இன்றைக்குச் சொல்லிவிடலாம். இந்தக் கேஸ் முடிந்ததும்.

கண்ணை மூடினாள். ஒன்று, இரண்டு... என் பேருக்கும் ஒண்ணு போட்டு விட்டுடுங்க... பதினொன்று, பன்னிரண்டு... இன்னிக்கு நான் உள்ளே நிக்கிறேனே... எண்ணிக்கை தவறிவிட்டது. எங்கே விட்டோம் என்று தெரியாமல் கண்ணைத் திறந்துவிட்டாள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. நர்ஸம்மா கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே பெரிய டாக்டர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பற்றியபடி நின்றார், வலது கை விரல்கள் லேசாக, மிக லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், அடம்பிடிக்கும் குழந்தை அடங்கட்டும் என்று பார்ப்பது போல. இத்தனை வருஷம் ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார்கள், ஒருநாளும் அவள் இதைப் பார்த்ததில்லை, எப்படிப் பார்ப்பாள், அந்த நேரம் பார்த்துத்தானே கண்ணை மூடிக்கொள்கிறாள்.

அவர் தலை நிமிர்வது தெரிந்ததும் சட்டென்று மறுபடி மூடிக்கொண்டாள்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார்.

விரல்கள் அடங்கியிருக்காது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், சொல்லாமல் விடுவது குற்றமா, சொல்லி அந்தக் கைகளை நிறுத்துவது குற்றமா, அந்தக் கைகள் எத்தனை பேரைப் பிழைக்க வைத்தவை...

"இன்னும் இல்ல சார்."

"சரி. மெதுவா."

இயந்திரம் லிஃப்ட் மெக்கானிக்குக்காக மூச்சு வாங்கி மூச்சு விட்டது. அவள் எண்ணவில்லை. இருட்டில் ஒரே ஒரு கேள்விதான் நின்றது, அன்றைக்கு, அவள் கதவுக்கு வெளியே நின்று கொடு கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே இவரிடம் ‘இன்னும் இல்ல’ என்று சொன்னது யார்? யாராவது சொன்னார்களா? யாரிடம் கேட்பது இதை, எதிரில் நிற்கிறவரிடமா... நீ சொல், என்றாள் உள்ளுக்குள், சாமியிடம், பல மாதங்களுக்குப் பிறகு. பதில் வரும் என்று அவள் நிற்கவில்லை, அந்தக் கைக்கு வேண்டிய நேரம் மட்டும் நின்றாள்.

"முடிஞ்சுது சார்."

கத்தி இறங்கியது. கோடு நேராக இருந்தது.