நேராக ஓடிய கோடு

தம்பிக்கு,

போனில் நான் கத்தியதும் உன் கப்பல் இரைந்ததும் சேர்ந்து உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். முறையாகச் சொல்கிறேன். கட்டிலில் இடப்பக்கம் சாய்ந்து உன் மனைவி. தலைமாட்டு நாற்காலியில் உன் மாமியார். கால்மாட்டு முக்காலியில் உன் அக்கா நான். ஜன்னலோரம் நர்ஸ், அவள் மட்டும் உட்காரவில்லை.

"அண்ணி, காலையிலேர்ந்து உள்ள ஆட்டமே இல்ல" என்று உன் மனைவி சொன்னதால்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வயிற்றில் பட்டை கட்டினார்கள். குழந்தையின் இதயம் குதிரை ஓடுவதுபோல் கேட்டது. இயந்திரத்திலிருந்து காகிதம் நகர நகர, அந்தத் துடிப்பு கோடாக விழுந்தது. காலமெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு பிசிறில்லை, ஒரு வளைவில்லை.

"பாருங்க, என் தையல் மாதிரியே ஓடுது! அத்தையை உரிச்சு வெச்சிருக்கு!"

"ஆமா, உங்க வீட்டுப் பெருமை வயித்துக்குள்ளயே ஆரம்பிச்சாச்சா?" என்றார் உன் மாமியார். உன் மனைவிகூடச் சிரித்தாள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. "அக்கா, இது இப்படி நேரா போகக்கூடாது. நல்லா இருக்கற குழந்தைக்குத் துடிப்பு கூடும், குறையும். கோடு பொடிப்பொடியா நடுங்கணும்."

"தூங்குதோ என்னவோம்மா?" என்றேன்.

"எழுப்பிப் பாத்துடலாம்."

வயிற்றின்மேல் ஒரு சின்னக் கருவியை வைத்து அழுத்தினாள். உர்ரென்ற சத்தத்தில் நானே துள்ளினேன். கோடு துள்ளவில்லை.

டாக்டரம்மா வந்து காகிதத்தைப் பார்த்தார். "காத்திருக்க வேண்டாம், இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்." கட்டில் உருண்டது. "அண்ணி, இன்னும் நேராவே போகுதா?" என்று கேட்டுக்கொண்டே போனாள் உன் மனைவி. கோணல் தையலுக்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! மூடிய கதவின் முன் நின்று, கோணலாகு, கோணலாகு என்று கெஞ்சினேன். உன் மாமியார் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் சத்தமே இல்லை. பிறகு ஒரு முனகல். பிறகு, அடேயப்பா, உன் தொண்டையேதான்! பெண். கழுத்தில் தொப்புள்கொடி இறுகியிருந்ததாம். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்றார் டாக்டரம்மா.

இப்போது கண்ணாடித் தொட்டிலில் கிடக்கிறாள். பக்கத்துத் திரையில் அவள் துடிப்பு ஏறுகிறது, இறங்குகிறது, சிணுங்கினால் எகிறுகிறது. என் கடையில் யாராவது இப்படித் தைத்தால் பிரிக்கச் சொல்லியிருப்பேன். கண்ணெடுக்க முடியவில்லை, தம்பி.

உறையில் உன் விலாசத்தை முதலிலேயே எழுதிவிட்டேன். அவளைப் பார்த்துக்கொண்டே எழுதியதில் வரி மேலும் கீழுமாய்ப் போயிருக்கிறது. வேறு உறை எடுக்கவில்லை. இதை மடித்து அதற்குள் வைத்து, அப்படியே ஒட்டி, தபால் பெட்டியில் போடுகிறேன்.