ஏற்கெனவே பணியில் இருப்பவர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. நூம்பலில் ஒரு டியூஷன் சென்டரின் மாடிப்படியில் மகளுக்காகக் காத்திருந்தபோது கிடைத்தது. என் மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ஃபக்ருன்னிசா டீச்சர் படியிறங்கி வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், நீங்க கதையெல்லாம் எழுதுவீங்களாமே. எனக்கு நடந்த ஒண்ண சொல்றேன். நம்பற மாதிரி எழுத முடியுமான்னு பாருங்க. எங்க அம்மாவே நம்ப மாட்டேங்கறாங்க."

வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கினேன்.

'பூந்தமல்லியில் அத்தர் மணக்கும் ஒரு சந்து வீட்டில் ஃபக்ருன்னிசா'

(நிறுத்திவிட்டேன். அவருடைய அத்தா ஃபிரிட்ஜ் மெக்கானிக். அந்த வீட்டில் வெல்டிங் வாசனைதான் வரும். அத்தரை அங்கே கொண்டுபோய்த் தெளித்தது என் சோம்பேறித்தனம்.)

'நேர்காணலுக்குக் கிளம்பிய அன்று காலையிலிருந்தே மழை'

(பெய்யவில்லை. ஏப்ரல் மாதம்.)

சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கதைக்குள் உங்களை 'அவள்' என்று எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, அவங்க பண்ணதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார். எவர்கள், என்ன செய்தார்கள் என்பதுதான் கதை.

2

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு தனியார் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். இளங்கலை வகுப்புகள் மட்டும்தான். வேதியியல் ஆசிரியர் தேவை என்று வந்த விளம்பரத்தில், 'கற்பித்தலுக்கே முதலிடம்' என்று ஒரு வரி இருந்தது. ஃபக்ருன்னிசா அந்த ஒரு வரிக்காகத்தான் விண்ணப்பித்தாள். முப்பத்தெட்டு வயது. முனைவர் பட்டம் வாங்கிப் பத்து வருடம் ஆகிறது. ஆய்வுக் கட்டுரைகள் அதிகமில்லை. ஆனால் முதலாண்டுப் பிள்ளைகள் முன்னால் நிற்கவைத்தால் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

2019இலும் இதே இடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். சான்றிதழ் நகல், புகைப்படம் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதிலே வரவில்லை. இந்த முறை அழைப்பு வந்ததே பெரிய விஷயமாக இருந்தது.

மாதிரி வகுப்புக்கு அவள் எடுத்துக்கொண்டது பஃபர் எனப்படும் தாங்கல் கரைசல். மேஜைமேல் இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் தாங்கல் கரைசல். இரண்டிலும் நிறங்காட்டி. தண்ணீரில் ஒரு சொட்டு அமிலம் விட்டதும் நிறம் மாறிவிட்டது. அடுத்த குவளையில் ஒவ்வொரு சொட்டாக விட்டாள். பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். பத்து, பதினைந்து, இருபது. நிறம் அசையவில்லை.

"எத்தினி சொட்டு வரைக்கும் மேடம் தாங்கும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நீயே வந்து ஊத்திப் பாரு" என்று துளிக்குழாயை அவள் கையில் கொடுத்துவிட்டாள் ஃபக்ருன்னிசா.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த துறைத் தலைவர் வீரராகவன் தன்னை அறியாமல் எழுந்து முன்னே வந்து எட்டிப் பார்த்தார். அதைப் பார்த்ததும் வேலை கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

3

வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். ஆய்வக உதவியாளர் வேம்புலி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பது வயதிருக்கும். டம்ளரை நீட்டியவர் கையை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்கதான் ஃபக்ருன்னிசா மேடமா?"

"ஆமா."

"நெஜமாவே கீறீங்களா!"

அவளுக்குப் புரியவில்லை.

"நான் இங்க சேந்து மூணு வருசம் ஆவுது மேடம். எல்லா சாரையும் மேடத்தையும் தெரியும். ஒங்கள மட்டும் பாத்ததே இல்ல. செத்துட்டீங்க, போட்டோவ கழட்ட மறந்துட்டாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"எந்த போட்டோ?"

நடைபாதையின் கோடியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வேதியியல் துறை ஆசிரியர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. மூன்றாவது வரிசையில் அவள் இருந்தாள். 'முனைவர் எஸ். ஃபக்ருன்னிசா, உதவிப் பேராசிரியர்.'

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. (இதை அவர் சொல்லியிராவிட்டால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். அதற்குள் வேலை போட்டுக் கொடுத்து, படத்தையும் மாட்டிவிட்டார்களே, எவ்வளவு வேகம் என்று நினைத்தாராம். அரை நிமிடம்.)

அப்புறம் படத்தைப் பார்த்தாள். ஆறு வருடம் முன்பு பூந்தமல்லி ஸ்டூடியோவில் எடுத்தது. முக்காடு ஒரு பக்கம் நழுவியிருக்கும். விண்ணப்பத்தில் அவளே பின் அடித்துக் கொடுத்தது. நீலப் பின்னணி வெயிலில் வெளுத்திருந்தது. பெயருக்குக் கீழே இன்னொரு வரி: 'பணியில் சேர்ந்தது: ஜூலை 2019.'

டம்ளர் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. புடவை ஓரம் நனைந்திருந்தது. "உக்காருங்க மேடம், உக்காருங்க" என்று வேம்புலி சொல்லிக்கொண்டே இருந்தார்.

4

பதிவாளர் கஜபதியை நான் முதலில் வில்லனாக எழுதினேன். தங்க மோதிரம், அலட்சியமான சிரிப்பு எல்லாம் கொடுத்தேன். டீச்சரிடம் படித்துக் காட்டியபோது இல்லை என்று தலையாட்டிவிட்டார்.

"இல்ல சார். ரொம்ப மரியாதையாப் பேசினாரு. அதான் பயமா இருந்தது."

மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். இப்போது கேளுங்கள்.

"உக்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா?" என்றார் கஜபதி. வீரராகவன் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். "இன்ஸ்பெக்ஷன் வந்தா ஆள் கணக்குக் காட்டணும். அப்ப ஒரு அவசரம். உங்க சர்டிஃபிகேட் கையில இருந்தது. நிறைய இடத்துல நடக்கறதுதாம்மா. உங்களுக்கு இதனால ஒரு நஷ்டமும் இல்ல."

"நஷ்டம் இல்லையா?"

அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. 2021இல் ஒரு கல்லூரி, 2023இல் இன்னொன்று. இரண்டிலும் கடைசி நேரத்தில், 'நீங்கள் வேறு நிறுவனத்தில் பணியில் இருப்பதை மறைத்திருக்கிறீர்கள்' என்று திருப்பி அனுப்பினார்கள். பெயர்க் குழப்பம் என்று நினைத்து அழுதுவிட்டு விட்டுவிட்டாள். டியூஷன் சென்டர் அப்படித்தான் வந்தது.

கஜபதி பணிப்பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு நாளும் அவளுடைய கையெழுத்து. விண்ணப்பத்தைப் பார்த்து யாரோ பழகியிருக்கிறார்கள். 'ஃப'வின் சுழி வரைக்கும் அப்படியே. (பெருந்தொற்றில் ஊரே பூட்டிக் கிடந்த மாதங்களிலும் ஒரு நாள் விடாமல் வந்திருக்கிறாள்.) ஒவ்வொரு மாதக் கடைசியிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று வீரராகவனின் கையெழுத்து.

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள்.

'ஜூலை 2022 முதல் டிசம்பர் 2022 வரை: மகப்பேறு விடுப்பு.'

ஃபக்ருன்னிசாவுக்குத் திருமணம் ஆகவில்லை.

"இது யாருக்கு?" விரலை அந்த வரியில் வைத்தாள். மறுபடி கேட்டாள். "இது யாருக்கு சார்?"

"அது வந்து... அந்த செமஸ்டர் லேபுக்கு ஆள் காட்ட முடியல. லீவுக்கு ஒரு காரணம் வேணும் இல்லையா?" என்றார் கஜபதி, நிஜமான சங்கடத்தோடு.

(இந்த இடத்தில் அவள் என்ன உணர்ந்தாள் என்று மூன்று பத்தி எழுதி மூன்றையும் எடுத்துவிட்டேன். மாடிப்படியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "வயித்துமேல கைய வச்சிட்டேன் சார். ஏன்னு தெரியல.")

5

இப்போது ஏன் கூப்பிட்டார்கள்? இந்த வருடத்திலிருந்து ஆசிரியர்கள் தினமும் கருவியில் முகத்தைக் காட்டி வருகை பதிய வேண்டும் என்று வந்துவிட்டது. கையெழுத்தைப் போல முகத்தைப் பழக முடியாதே. அவளுடைய விண்ணப்பம் வந்ததும் இவர்களுக்கு நிம்மதியாம்.

"புதுசா எடுக்க முடியாதும்மா. ஏற்கெனவே இருக்கறவங்கள எப்பிடி மறுபடி எடுக்கறது?" கஜபதி ஒரு தாளை முன்னே நகர்த்தினார். "2019லேருந்து இங்கதான் இருக்கேன்னு ஒரு கையெழுத்து. ஆறு வருஷ சர்வீஸ் அப்படியே உங்களுக்கு. வர்ற ஜூன்ல இணைப் பேராசிரியர். தகுதியில்லாதவங்களுக்கா குடுக்கறோம்? கிளாஸ பத்தி சார் சொன்னாரே, பிரமாதம்னு."

அவள் தாளைத் தொடவில்லை. யோசிக்க வேண்டும் என்றாள். திங்கட்கிழமை பத்து மணி வரை அவகாசம் கொடுத்தார்கள்.

வெளியே வந்து, கண்ணாடிச் சட்டத்தைச் செல்போனில் நான்கு படம் எடுத்தாள். வேம்புலி நடைபாதை முனையில் போய் நின்றுகொண்டு, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

வாசல்வரை வீரராகவன் கூடவே வந்தார். (ஒரு பிரதியில் அவரை அங்கேயே ராஜினாமா செய்யவைத்தேன். செய்யவில்லை.) "உங்க கிளாஸ் நிஜமாவே நல்லா இருந்ததும்மா" என்றார். அதற்குமேல் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

6

முடிவுக்கு வருகிறேன். இரண்டு எழுதினேன்.

ஒன்றில் அவள் கையெழுத்துப் போடுகிறாள். வருடத்துக்கு அறுபது பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர் கிடைப்பார். ஆனால் ஆவணப்படி அவளுக்கு மூன்று வயதில் ஒரு குழந்தையும் இருக்கும். அதன் பெயரை யாராவது கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதோடு நிறுத்திவிட்டேன்.

மற்றதில் புகார் கொடுக்கிறாள். ஆறு வருடக் கையெழுத்தும் அவள் பெயரில் இருக்கிறது. 'நான் அங்கே இல்லை' என்று நிரூபிக்க வேண்டியவள் அவள்தான். வீரராகவன் வாய் திறப்பாரா? வேம்புலி சாட்சி சொன்னால் அவர் வேலை என்னாகும்?

இரண்டையும் எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை நூம்பல் போனேன். திங்கட்கிழமை முடிந்திருந்தது.

"போனீங்களா?"

"போனேன். கேட்ல ரெண்டு நோட்டு இருக்கு சார். ஒண்ணு ஸ்டாஃபுக்கு, இன்னொண்ணு விசிட்டருக்கு. செக்யூரிட்டி பேனாவ நீட்டி, 'எதுல மேடம்?'னாரு."

"எதுல எழுதினீங்க?"

அவர் என் கையிலிருந்த தாள்களை வாங்கி, இரண்டு முடிவுகளையும் நிதானமாகப் படித்தார். பிறகு நான்காக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுதாதீங்க சார். எனக்குப் பதிலா ஆறு வருஷம் இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டாச்சு. இத நானே போட்டுக்கறேன்."

மேலே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வகுப்பெடுக்க ஏறிப் போய்விட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், அவர் பெயரில் அதை எழுதிவைக்காதீர்கள்.