சிரில் ஹாவொர்த் வீட்டுக்கு வந்த புதன்கிழமைகள்

நகைச்சுவை நடிகர் சிரில் ஹாவொர்த் இறந்து அடக்கமும் ஆன பிறகு வந்த புதன்கிழமை, தான் நடித்த தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதியிலிருந்து அவர் காணாமல் போனார். மறு ஒளிபரப்பு வழக்கம்போல மாலையில்தான் வந்தது. சலவைக்கடைக் கதவு திறந்தது, மணி அடித்தது, உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் கதவைப் பார்த்தார்கள், பார்வையாளர்கள் கைதட்டினார்கள். வாசலில் மட்டும் யாரும் இல்லை. காலி மழைக்கோட்டு ஒன்று தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டு போய் பெஞ்சருகே நின்றது. பழைய நாடாவில் ஏதோ கோளாறு என்று தொலைக்காட்சிக்காரர்கள் அறிவித்தார்கள். எங்கள் மோர்ஸ்கேல் ஊரில் வீட்டுக்கு வீடு அதே பகுதியைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அவற்றிலும் பெஞ்சு காலியாகவே இருந்தது. மறுவாரம் இரண்டாம் பகுதியிலிருந்து போனார். அதற்கடுத்த வாரம் மூன்றாவது.

தொடரின் பெயர் ‘எல்லாம் காயட்டும்’. எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் இருக்கும் சலவைக்கடையின் வெளிப்புறத்தை மட்டும் இங்கே படம் பிடித்தார்கள். மற்றதெல்லாம் மான்செஸ்டர் அரங்கில். இருபத்திரண்டு வருடம் ஓடியது. சிரில் அதில் கதாநாயகன் கிடையாது. ஒரே ஒரு சட்டையைத் துவைக்க வரும் மிஸ்டர் டாப்பிங் அவர். “நான் உக்காரல. சட்டை காஞ்சதும் கெளம்பிடுவேன்” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, அடுத்தவர் பிஸ்கட்டைத் தின்று, அடுத்தவர் குடும்ப விவகாரத்தில் தலையிட்டு, பகுதி முடியும்வரை நகர மாட்டார். கதாநாயகனின் பெயரை ஊர் மறந்துவிட்டது. டாப்பிங்கை மறக்கவில்லை. பஸ் ஓட்டும் மாரிஸ் என்ட்விசில் சலவைக்கடையைக் கடக்கும்போதெல்லாம் ஹாரன் அடிப்பார். பயணிகள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். புதன்கிழமைகளில் ரசிகர்கள் கடையின் பின்னறையில் தொலைக்காட்சி முன்னால் கூடுவார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனிட் கார்சைட் தேநீர் போடுவாள்.

சிரில் எங்கே போகிறார் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அவருடைய மனைவி மியூரியல், மலைச்சரிவில் இருந்த வீட்டில் தனியாக வாழ்ந்தாள். புதன்கிழமைகளில் அவள் இறைச்சிக் கடையில் இரண்டு துண்டு ஆட்டுக்கறி வாங்க ஆரம்பித்தாள். பால்காரர் சமையலறை ஜன்னல் வழியாக சிரிலைப் பார்த்தார். தலைமுடி கறுப்பாக, நாற்பது வயதுகூட மதிக்க முடியாத தோற்றத்தில், சட்டைக் கையை மடித்துவிட்டு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். பால்காரர் வணக்கம் சொல்ல, சிரிலும் தலையாட்டினார். அந்த வாரம் பால் விலை ஏறியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

ஆனால் பின்னறையில் கோபம் வளர்ந்தது. வாரம் ஒன்றாக டாப்பிங் கரைந்துகொண்டிருந்தார்; இப்படியே போனால் ஒருநாள் எந்தப் பகுதியிலும் இருக்க மாட்டார். மாரிஸ் மேசையைத் தட்டினார். “அந்தம்மாவுக்கு அவர் புருஷன்தான், இல்லங்கல. ஆனா செத்தப்புறமாவது நமக்குக் கொஞ்சம் விட்டுக்குடுக்கக் கூடாதா?” என்றார். போய்க் கேட்டுவருவது என்று முடிவானது. எனிட்டை அனுப்பினார்கள். தான் போக ஒப்புக்கொண்டதற்கு எனிட்டுக்குச் சொந்தக் காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை வரவேண்டியது, டாப்பிங்கின் சட்டை மெஷினுக்குள் மாட்டிக்கொள்ளும் பகுதி. வெற்று உடம்பின் மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவர் மெஷினிடம் கெஞ்சுவார். அது முதலில் ஒளிபரப்பான வருடம்தான் எனிட்டின் கணவன் ஹரால்ட் நெஞ்சுச்சளியில் இறந்திருந்தான். மாதக்கணக்கில் அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. அந்தப் புதன்கிழமை அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய்ச் சுவரைத் தட்டினாள். சிரிப்பு முடிந்ததும் அழுகை வந்தது. மறுநாள் எனிட் வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு, தாங்க முடியாத நாட்களிலெல்லாம் அந்தப் பகுதியைப் போட்டுப் பார்த்தே காலத்தை ஓட்டியிருக்கிறாள்.

மியூரியல் அவளைச் சமையலறையில் உட்காரவைத்தாள். பேச்சு குளிரைப் பற்றி, கடல் அரிக்கும் சாலையைப் பற்றி, சிரிலுக்குப் பிஸ்கட்டே பிடிக்காது என்பதைப் பற்றி எல்லாம் போனது. கடைசியில் எனிட் கேட்டே விட்டாள்.

“எல்லாத்தையும் கேக்கல மிஸஸ் ஹாவொர்த். அடுத்த வாரத்த மட்டும் விட்டுக்குடுங்க. அந்தச் சட்டை மாட்டிக்குற பகுதிய.”

மியூரியல் கோப்பையைக் கீழே வைத்தாள். “அந்த வாரமா?” என்றாள். பிறகு, “நான் ஒண்ணும் அவரைக் கூப்பிடல கண்ணு. அவரா வர்றாரு. எந்தெந்தப் புதன்கிழமை ஷூட்டிங்குன்னு வீட்ட விட்டுப் போனாரோ, அந்தந்தப் புதன்கிழமையா வர்றாரு. ஆனா நான் வேண்டாம்னு சொன்னா வாசல்லயே திரும்பிப் போயிடுவாரு. அது எனக்குத் தெரியும்.”

“அப்போ ஒரு தடவ மட்டும்…”

“அந்தப் பகுதி எடுத்த புதன்கிழமைதான் எங்க கொழந்த போச்சு” என்றாள் மியூரியல். “ஏழாம் மாசம். ஆஸ்பத்திரியிலேருந்து நர்ஸ் போன் பண்ணியிருக்கா. அவர் மேக்கப் போட்டு நிக்கிறாரு, எதிர்ல முந்நூறு பேரு டிக்கெட் வாங்கி உக்காந்திருக்காங்க. நடிச்சு முடிச்சிட்டு மறுநாள்தான் வந்தாரு. நான் கேக்கல, அவரும் சொல்லல. அதுக்கப்புறம் எங்களுக்குக் கொழந்தையே இல்ல. நான் அந்தப் பகுதிய மட்டும் இல்ல, எதையுமே பாத்ததில்ல.”

எனிட் ஹரால்டைப் பற்றிச் சொல்ல வந்ததை விட்டுவிட்டாள். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“வரட்டும்” என்றாள். “வந்தா அவருக்கு நல்லா சூடா ஏதாவது குடுங்க. அன்னிக்கு அரங்கத்துல ரொம்பக் குளிரா இருந்திருக்கும், பாத்தாலே தெரியும்.”

அந்தப் புதன்கிழமை சிரில் மதியமே வந்துவிட்டதாகப் பால்காரர் சொன்னார். முகத்தில் பாதி மேக்கப் இருந்தது. மியூரியல் படுக்கையில் படுத்திருந்தாள், அவர் காலணியைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊரெங்கும் மழை பெய்தது, மலைச்சரிவின் மேல் மட்டும் மாலைவரை நின்றிருந்தது. பின்னறையில் தொலைக்காட்சி ஓடியது. காலி மழைக்கோட்டு மெஷின் முன்னால் மண்டியிட்டது. டாப்பிங் கெஞ்ச வேண்டிய இடத்தில் வெறும் மௌனம். மாரிஸ் எழுந்து அதை அணைக்கப் போனார். அப்போது தேநீர்க் கெட்டிலுக்குப் பின்னாலிருந்து எனிட் அந்த வசனத்தைச் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. தொலைக்காட்சிக்குள் இருந்த சலவைக்கடைக்காரி அவளுக்குப் பதில் சொன்னாள். அடுத்த வசனத்தை மாரிஸ் சொன்னார். கொஞ்சம் முந்திவிட்டார், எனிட் முறைத்தாள்.

அப்படியே பழகிவிட்டது. சிரில் வாரம் ஒரு பகுதியாக வீடு திரும்பினார். முடி நரைத்தது, தொந்தி வந்தது, கடைசிக் காலத்து இருமலும் வந்தது. மியூரியலுக்கு அந்த இருபத்திரண்டு வருடத்துப் புதன்கிழமைகளும் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. இந்த நாட்டில் எங்கெங்கோ வீடுகளில் ஆட்கள் மாலையில் தொலைக்காட்சியைப் பார்த்து டாப்பிங்காகப் பேசினார்கள். ஒளிபரப்பை நிறுத்தலாமா என்று யோசித்த தொலைக்காட்சிக்காரர்கள், பார்ப்பவர்கள் கூடியிருப்பதைக் கண்டு விட்டுவிட்டார்கள். கடைசிப் பகுதிக்குப் பிறகு சிரில் எங்கும் இல்லை. மியூரியல் மறுபடி ஒரு துண்டு கறி வாங்கினாள்.

தொடர் முதலிலிருந்து மறுபடி தொடங்கியது. சட்டை மாட்டிக்கொள்ளும் பகுதி வந்த அன்று மியூரியல் தொப்பியும் கையுறையுமாகப் பின்னறைக்கு வந்தாள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். எனிட் தன் பக்கத்தில் இடம் விட்டாள். காலி மழைக்கோட்டு மெஷினைச் சுற்றி ஓடியது. எனிட் அதற்காகக் கெஞ்சினாள், மிரட்டினாள், மெஷினின் தாயை வம்புக்கு இழுத்தாள். மியூரியல் முதலில் கையுறையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள். பிறகு முடியாமல் சிரித்தாள். கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்ட, எனிட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இவ்வளவு நல்லா இருந்துச்சுன்னு மனுஷன் சொல்லவே இல்லையே” என்றாள்.

எனிட் திரைப் பக்கம் திரும்பினாள். அடுத்த வசனம் வந்துகொண்டிருந்தது.