மாப்பிள்ளையின் ஈரல்

1959ஆம் ஆண்டு மாசி மாதம், இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலைக்கு விறகு இறக்கிக்கொண்டிருந்த செல்லசாமியின் வலது விலாவில் ஒரு கட்டை உருண்டு வந்து மோதியது. கண்டி ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, கிழிந்துபோன கல்லீரலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, மிச்சத்தைத் தைத்து அனுப்பினார்கள். ஆள் பிழைத்ததே பெரிய காரியம் என்று, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். செல்லசாமிக்கு மட்டும் இல்லை.

"ஈரல்ல பாதி போச்சு. இனிமே நான் அரை ஆளு," என்று கம்பளிக்குள் புகுந்தவன் வெளியே வரவில்லை. ரொட்டி வைத்தால் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தள்ளிவிடுவான். தும்மல் வந்தால் வயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வான், தையல் பிரிந்துவிடுமாம். புண் ஆறி இரண்டு மாதம் ஆகிவிட்டது என்று கண்டி டாக்டரே எழுதிக் கொடுத்திருந்தும் இதே கதைதான்.

அவன் மனைவி காளியாயிக்கு அந்தச் சமயத்தில்தான் எலி பார்க்கும் வேலை கிடைத்தது. ஏக்கநாயக்க என்ற சிங்கள டாக்டர் கல்லீரல் நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். கொழும்பு வெக்கையில் அவருடைய எலிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்ததால், குளிர் தேடி மலைக்கு வந்து, தோட்டத்து ஆஸ்பத்திரியின் பின்னறையில் நாற்பது வெள்ளை எலிகளோடு குடியேறியிருந்தார். இரை போடுவதும் கூண்டு கழுவுவதும் காளியாயியின் பொறுப்பு.

மூன்றாம் நாளே அவள் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"இந்தாங்க, எந்திரிங்க! அந்த டாக்டரு எலியோட ஈரல்ல மூணுல ரெண்டு பங்கை வெட்டிப்புடுறாரு. பத்தே நாள்ல திரும்ப வளந்துடுதாம்!"

"யாரு சொன்னா?"

"அவருதான்."

"எலியை மாத்தி வச்சிருப்பாரு. எல்லாமே வெள்ளை எலி, ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்று செல்லசாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

காளியாயி இதை அப்படியே டாக்டரிடம் ஒப்பித்தாள். அவருக்குக் கோபம் வரவில்லை, மகிழ்ச்சிதான் வந்தது. "நல்ல கேள்வி. கொழும்புல இவ்வளவு நல்ல கேள்வி யாரும் கேக்கல்ல. அவரை வரச் சொல்லுங்க. எலியை அவரே பொறுக்கட்டும், அடையாளமும் அவரே வைக்கட்டும்."

இப்படிக் கூப்பிட்டால் மறுக்க முடியுமா? திங்கட்கிழமை காலை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வயிற்றில் கைவைத்தபடி செல்லசாமி வந்து சேர்ந்தான். நாற்பது எலிகளையும் முறைத்துப் பார்த்து, மூக்கை உயர்த்திக் கர்வமாக உட்கார்ந்திருந்த ஒன்றைக் காட்டினான்.

"இந்த மாப்புள்ளையை வெட்டுங்க, ஐயா."

புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்தை எடுத்து அவனே அதன் வாலில் மூன்று வளையம் போட்டான். டாக்டர் சன்னலைத் திறந்துவைத்து, ஈதர் நனைத்த பஞ்சை ஒரு கண்ணாடி ஜாடிக்குள் போட்டு, மாப்பிள்ளையை அதில் விட்டு மயக்கினார். வயிற்றைத் திறந்து ஈரலில் பெரும்பகுதியை வெட்டித் தட்டில் வைத்துவிட்டுத் தைத்தார். செல்லசாமி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ பாவம். என்னய விட அதுக்கு ரொம்பப் போச்சே," என்றான்.

அன்று முதல் அவனுக்குக் கம்பளிக்குள் இருப்புக் கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை கண் திறந்தானா என்று பார்க்க வந்தான். புதன்கிழமை வீட்டிலிருந்து ரொட்டித் துண்டு கொண்டுவந்தான். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை கூண்டுச் சக்கரத்தில் ஏறி ஓடுவதைப் பார்த்துவிட்டு லயத்துக்கு ஓட்டமாகவே போய்ச் சொன்னான். தான் ஓடியது அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருந்த அழகம்மாவுக்குத் தெரிந்தது. "சொல்லிறாதீங்க அக்கா," என்று காளியாயி அவள் வாயைப் பொத்தினாள்.

பத்தாவது நாள் மழை கொட்டியது. டாக்டர் கத்தியை எடுத்ததும் செல்லசாமி கூண்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

"மாப்புள்ளையைக் கொல்ல விட மாட்டேன்."

"ஈரலை நிறுத்துப் பாக்கணுமே, செல்லசாமி."

"வேற எலியை நிறுங்க. இவன் என் ஆளு."

டாக்டர் தலையைச் சொறிந்தார். "சரி. மயக்கித் திறந்து பாத்துட்டு, திரும்பத் தைச்சிடுறேன். சம்மதமா?"

சம்மதம். ஆனால் சாரல் அடிக்கிறதென்று அன்று சன்னலைச் சாத்தியிருந்தார்கள். மயங்கிய மாப்பிள்ளையைப் பலகையில் கிடத்தி வயிற்றைத் திறந்ததும் செல்லசாமி ஆவலோடு குனிந்தான். அவன் கம்பளி முனை ஈதர் போத்தலைத் தட்டிவிட்டது. பாதி மேசையில் கொட்டியது.

"ஐயோ," என்றார் டாக்டர். ஆனால் வயிறு திறந்தாயிற்று, நிறுத்த முடியாது. "பாருங்க, சீக்கிரம் பாருங்க!"

உள்ளே செங்கபில நிறத்தில், பளபளவென்று, இடம் நிறைய ஈரல்.

"போன துண்டு திரும்ப முளைக்கல்ல," என்றார் டாக்டர், ஊசியில் நூல் கோத்தபடி. "மிச்சம் இருந்ததுதான் பெருத்து, பழைய அளவுக்கு வந்துடுச்சு."

"அப்ப எனக்கு?"

"மனுசனுக்கு எத்தனை நாள் ஆகும்னு சரியாத் தெரியாது. ஆனா வளரும். இவ்வளவு நாள்ல உங்களுக்கு வளந்திருக்கும்னு நான் நம்புறேன்."

கடைசித் தையல் விழுந்த நேரம் அறை முழுக்க ஈதரின் இனிப்பு வாடை. காளியாயிக்குச் சுவர் இலேசாக ஆடியது. அவள் களுக்கென்று சிரித்தாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போய், சட்டைப்பைக்குப் பதில் எலிக்கூண்டில் போட்டுவிட்டார். அவ்வளவுதான், செல்லசாமிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. சிரித்தான், மேசையில் அடித்துச் சிரித்தான், மூச்சு முட்டச் சிரித்தான். திடீரென்று நிறுத்தி, சட்டையைத் தூக்கித் தழும்பைப் பார்த்தான்.

"ஏ காளி! பிரியலைடி! நோகவும் இல்லை!"

சன்னலைத் திறந்த மறுகணம் மூவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு தலையை மழைக்குள் நீட்டியிருந்தார்கள். பின்னால் மாப்பிள்ளை மெல்லக் காலை அசைத்தான். அன்றைய குறிப்பேட்டில் அந்த எலி ஆராய்ச்சியிலிருந்து ஓய்வு பெற்றது என்று டாக்டர் கோணல் எழுத்தில் எழுதினார்.

மழை விட்டதும் புருசனும் பொண்டாட்டியும் மலைப்பாதையில் ஏறினார்கள். ஈதரின் கிறுகிறுப்பு தீர்ந்திருந்தது, செல்லசாமியின் கிறுகிறுப்பு தீரவில்லை. மேட்டில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துக் கையை வீசினான்.

"அழகம்மாக்கா! ஈரல் வளரும்! வெட்டினாலும் வளரும்!"

"யாரு ஈரலு?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"எல்லாரு ஈரலும்!" என்று கத்திவிட்டு அவன் படிகளில் இரண்டிரண்டாகத் தாவினான். கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காளியாயி பின்னாலேயே ஓடினாள். "வழுக்கும்ங்க, மெதுவா போங்க!" என்று அவள் கத்தியதைக் கேட்டு மலைச்சரிவு முழுவதும் சிரித்தது.