மீசை வைத்த பூசணிக்காய்

"அதைத் தொடாத அக்ஷய், உருண்டு விழுந்துரும்," என்று படுக்கையறையிலிருந்தே சொன்னாள் நீலா. பெட்டியில் வைக்க எடுத்த கணவன் சேதுமாதவனின் வேட்டி அவள் கையிலேயே இருந்தது.

சாப்பாட்டு மேசைமேல் ஹாலோவீன் பூசணிக்காய். முந்தாநாள் சேதுமாதவன்தான் மார்க்கரால் கண்ணும் மூக்கும் பல் தெரியும் வாயும் வரைந்தான். பிள்ளைகள் கேட்டதற்காக மீசையும் போட்டான்.

"நாளைக்கு டியூட்டி முடிஞ்சு வந்து வெட்டறேன். முழுக்காய்ல அம்மா கத்தி வைக்கக்கூடாது. ஆம்பளதான் முதல்ல வெட்டணும், தெரியுமில்ல?" என்று நீலாவைப் பார்த்துச் சிரித்தான்.

மறுநாள் சிமெண்ட் ஆலையின் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இறந்துவிட்டான். பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது. இன்று இரவு ஊருக்கு விமானம். அவன் உடலும் அதில்தான் வருகிறது.

"அப்பா இன்னும் டியூட்டியிலயாம்மா?" என்றாள் ஆறு வயது ஷ்ருதி. "ஈவினிங் எல்லாரும் கீழ பம்ப்கின் வைப்பாங்க. நம்மளோடது மட்டும் ரெடி ஆகல."

பக்கத்து ஃபிளாட் கனகா பாஸ்போர்ட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நீலாவின் காதருகே வந்து, "ஊருக்குப் போய்ச் சொல்லிக்கலாம். பச்சப்புள்ளைங்க," என்றாள்.

"ஏர்போர்ட்டுலயே யாராவது என்னைக் கட்டிக்கிட்டு அழுவாங்கக்கா. அதைப் பாத்துத்தான் இவ தெரிஞ்சுக்கணுமா?"

நீலா வேட்டியை நாற்காலியில் போட்டுவிட்டு, சமையலறைக்குப் போய்க் கத்தியோடு வந்தாள்.

"ஐயோ, நீ வெட்டாத. எங்க வீட்டுக்காரரு பேப்பர் வேலைய முடிச்சிட்டு வந்துருவாரு. அவரு ஒரு கீறல் போட்டுக் குடுக்கட்டும்."

"வேண்டாங்க்கா."

"அப்பாதானே வெட்டணும்?" என்றாள் ஷ்ருதி.

"ஆமா."

"அப்ப வெயிட் பண்ணலாம்."

நீலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா வரமாட்டாங்கடா."

"நாளைக்கு?"

"நாளைக்கும்."

ஷ்ருதி கனகாவைப் பார்த்தாள். கனகா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"மீசைய கட் பண்ணாதீங்க," என்றான் அக்ஷய்.

"மீசை அப்படியே இருக்கும் கண்ணா."

நீலா எழுந்து மேசைக்குப் போய், சேதுமாதவன் போட்ட கோட்டின் மேலேயே கத்தியை வைத்து அழுத்தினாள். தோல் கெட்டியாக இருந்தது. காய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நழுவியது.

ஷ்ருதி எழுந்து வந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.