கடுகு வரப்பு

எனக்குக் கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வேன். நாலு நாளோ எட்டு நாளோ, பேச மாட்டேன். கத்தித் தொலைக்கிற ஆளைக் கட்டியிருந்தால்கூட நிம்மதி என்பாள் என் பெண்டாட்டி அம்சவள்ளி. கொளஞ்சியப்பன் பேசாமல் இருந்தே ஆளை வழிக்குக் கொண்டுவந்துவிடுவான் என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தவன் நான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெள்ளிமலைப் பாதை மேலே ஏறத் தொடங்கும் இடத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. போன வருஷம் அதில் போட்ட முள்ளங்கி ரம்ப ஈயால் நாசமானது. பார்க்கச் சின்ன ஆரஞ்சுக் குளவி மாதிரி இருக்கும். வால்பக்கத்து ரம்பத்தால் இலையோரத்தைக் கீறி முட்டை வைக்கும். பொரிந்து வரும் கறுப்புப் புழு இலையைச் சல்லடையாக்கிவிடும். வேளாண்மை ஆபீசர் தமிழழகன் இந்த வருஷம் ஒரு வழி சொன்னார். அந்த ஈ தூரத்திலிருந்து கடுகின் கார வாசனையைப் பிடித்துக்கொண்டு வருமாம், கிட்டே வந்ததும் பச்சையைக் கண்ணால் பார்த்து இறங்குமாம். வரப்பைச் சுற்றிக் கடுகு விதைத்து, இறங்கியதும் அங்கே மட்டும் மருந்தடித்தால் முள்ளங்கி தப்பிக்கும் என்றார். அப்படியே வந்து இறங்கியது. போன வருஷத்து ஆத்திரத்தில், சொன்ன அளவைவிட இரண்டு மூடி ஜாஸ்தியாகவே கலந்து அடித்தேன்.

எங்கள் பக்கம் வரப்போரக் கீரை, கடுகு இலையும் சேர்த்து, வேலைக்கு வருகிறவர்களுக்கு. போகும்போது "கீரை கிள்ளிக்கிறேன்" என்று ஒரு குரல் கொடுப்பார்கள், நாம் "உம்" என்போம். அவ்வளவுதான்.

மருந்தடித்த அன்று களையெடுக்க நாலு பேர் வந்திருந்தார்கள். மூன்று பேரிடம் கடுகில் கைவைக்க வேண்டாம் என்று சொன்னேன். நாலாவது ஆளான ஜெயம்மாள் கிழக்கு மூலையில் தனியாக இருந்தாள். போன வாரம் என்னிடம் வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மரவள்ளி பிடுங்க வேறொருவர் காட்டுக்குப் போனவள். அந்தக் கோபத்தில் ஆறு நாளாக அவளோடு பேசவில்லை. இருபது தப்படி நடந்தால் சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் சொல்லட்டும் என்று மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த மருந்து நாற்றம் குடலைப் புரட்டும். மூக்குள்ள யாரும் அந்தக் கீரையை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஜெயம்மாளுக்குக் கொரோனா வந்துபோனதிலிருந்து வாசனையே தெரியாது. களி தீய்ந்தால் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன் என்று எங்கள் வீட்டிலேயே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலையில் அவளுடைய பக்கத்து வீட்டு வீரமணி ஓடி வந்தான். ஜெயம்மாள் வாயில் நுரை தள்ளிக் கிடக்கிறாள் என்றான். மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு, அவளைக் காரில் போட்டுக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிழைத்துவிடட்டும் என்று எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. அவள் மகள் சந்தியா சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கு நான்தான் போன் செய்தேன்.

மத்தியானம் ஜெயம்மாள் கண் திறந்தாள்.

"நீங்க பேசாம இருந்தீங்க. அதான் கேக்காம கிள்ளிட்டேண்ணா. இன்னும் கோவமா கீறீங்களா?"

மருந்தடித்ததை மூன்று பேரிடம் சொன்னேன், உன்மேல் இருந்த கோபத்தில் உன்னிடம் மட்டும் சொல்லவில்லை என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"வுடுங்கண்ணா. சந்தியாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. உங்கள வுட்டா அதுக்கு இனிமே நம்ம ஊர்ல யாரு கீறாங்க?"

நாலு மணிக்கு மூச்சு நின்றுவிட்டது. ஐந்தரைக்குச் சந்தியா பையைத் தோளில் மாட்டியபடியே ஓடி வந்தாள். அழுது முடித்து, முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"அம்மாவுக்குத்தான் வாசன தெரியாதே, அதான் இப்படி ஆயிடுச்சி. நல்லவேள, நீங்க கூடவே இருந்தீங்க மாமா" என்று இரண்டு கையையும் கூப்பினாள். அந்தக் கையை இறக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.